துடைக்காத தரை

அக்காவின் வீட்டுக் கதவு சாவிக்கு மசியவில்லை. அடிக்குத்தான் மசிந்தது.

குழாய்க்காரர் சம்மட்டியை ஓங்கி மூன்று போடு போட்டார். மூன்றாவது அடியில் பூட்டு பிளந்து படியில் உருண்டது. நிலைச்சட்டத்தில் கரையான் தின்று மிச்சம் வைத்திருந்த பாதியும் பொலபொலவென்று தூளாகக் கொட்டியது.

"வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள வீட்டையே இடிச்சுடுவீங்க போலிருக்கே" என்று பின்னாலிருந்து கத்தினாள் பினாயில். துடைக்கிற வேலைக்கு வருகிறவள். அவள் வருவதற்கு முன்னால் அவள் வாடை வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர்.

"சாவி போட்டா திறக்கிற கதவுக்கு என்னை எதுக்குக் கூப்பிடப் போறாங்க?" என்றார் குழாய்க்காரர், நெற்றியைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு.

"எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு ஊருக்கே தெரியும். இந்தத் தெருவுல வாராவாரம் ஒழுகுறது சாவிம்மா வீட்டுக் குழாய் மட்டும்தான்."

சாவிக்காரி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பினாயில் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

கடல் கடந்து போனவர்கள் பூட்டிவிட்டுப் போகும் வீடுகளைத் திறந்து, தட்டிக் கொட்டி, தண்ணீர் வரவைத்து, அவர்கள் வந்து இறங்கும் நாளில் விளக்கெரியும் வீடாகக் கையில் கொடுப்பதுதான் சாவிக்காரியின் பிழைப்பு. இடுப்பில் வளையம் நிறையச் சாவி தொங்கும். சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியாது. சாவிக்காரி என்றால் போதும்.

அந்த வளையத்தில் ஒரே ஒரு சாவி எட்டு வருஷமாக எந்தக் கதவையும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரார் வீட்டையெல்லாம் திறந்தவள் உடன்பிறந்தவள் வீட்டை மட்டும் திறக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டாள். தைரியமில்லை என்பதுதான் நிஜம்.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா வருகிறாள். அயல்நாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. தன் சம்பாத்தியத்தில் வாங்கிய இந்த வீட்டைக் கோர்ட் போன மாதம்தான் அவள் பெயருக்கு மட்டும் உறுதி செய்தது. விவாகரத்தும் அதோடு முடிந்தது. போனில் சொல்லியிருந்தாள்: "குட்டி, அந்த வீட்டுக்குள்ள வந்து ஒரே ஒரு நாள் பயப்படாம படுத்து எழுந்துட்டேன்னா நான் அங்கேயே இருந்துடுவேன். வாசல்லயே உதறல் எடுத்துச்சுன்னா வந்த டாக்ஸியிலேயே திரும்பிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடாதே."

அதனால் ஐந்து மணிக்குள் இந்த வீட்டில் பயம் என்று எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அக்கா எட்டு வருஷம் ஒரு தனி அறையில் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டது போதும்.

வீடு அவ்வளவு சுலபமாகப் பணியவில்லை. கூடத்து மூலையில் மனிதத் தலை அளவுக்கு ஒரு குளவிக் கூடு. குழாய்க்காரர் சாக்கை நனைத்துப் போர்த்திக்கொண்டு அதை வெட்டி வீழ்த்தி மிதித்தார். கழுத்தில் இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டு, கெட்ட வார்த்தையைப் பாதியில் விழுங்கினார். படுக்கையறை அலமாரி ஈரத்தில் ஊதிப் பிதுங்கிக் கதவு திறக்க மறுத்தது. கோடரி போட்டுத்தான் பிளக்க வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து எலிகள் சிதறி ஓடின. பினாயில் துடைப்பக்கட்டையின் மறுமுனையால் சுவரோரமாகவே துரத்தித் துரத்தி நாலைச் சாய்த்தாள்.

"ஏய், பாவம்டி" என்றாள் சாவிக்காரி.

"பாவ புண்ணியமெல்லாம் வீட்டுக்காரங்க வந்தப்புறம் பார்த்துக்கலாம் சாவிம்மா. இப்போ யாரு இருக்கணும்னு ஒரு முடிவுக்கு வரணும். எலியா, உங்க அக்காவா?"

பதினோரு மணிக்குக் கீழ்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள் சாவிக்காரி. மூக்கைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்றம் இல்லை.

பூட்டிக் கிடந்த வீட்டில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளியலறை நாற்றம் இருந்தே தீரும். தரைக் குழிக்குள் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே விடாமல் தடுத்து வைத்திருப்பது. மூன்று மாதம் புழங்காவிட்டால் அது காய்ந்துவிடும். காய்ந்த வீட்டைத் திறந்தால் குடலே வெளியே வந்துவிடும். இங்கே சோப்பு வாசனை வந்தது. குந்தி உட்கார்ந்து குழிக்குள் விரலை விட்டாள். ஈரம். சுவர் மாடத்தில் ஒரு பல் துலக்கும் பிரஷ். அதுவும் ஈரம். மூலையில் ஒரு தண்ணீர்க் குடம்.

அடுத்த அறையில் கோரைப்பாய் விரித்திருந்தது. ஆணியில் கட்டம் போட்ட சட்டை. ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலி, வாசலைப் பார்த்தபடி.

அந்தச் சட்டையை அவளுக்குத் தெரியும். கோர்ட்டுக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வருவான்.

"யாரும்மா இது?" என்றார் குழாய்க்காரர் அவள் முதுகுக்குப் பின்னால்.

"அக்கா புருஷன். இருந்தவன்." ஆணியிலிருந்து சட்டையை உருவினாள். "பின்கதவுச் சாவி அவன்கிட்டயே இருந்திருக்கு. அக்காவுக்கு அடிபட்டப்போ, போலீஸ் வந்துட்டுப் போனதும் முன்கதவை மட்டும் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊர்ப்பட்ட சாவியை இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறேன், பின்கதவுன்னு ஒண்ணு இருக்கிறதே எனக்கு ஞாபகம் இல்லை பாருங்க."

பின்கதவுக்குப் போய்ப் பார்த்தார்கள். கீல்களில் புது எண்ணெய் மினுங்கியது. குழாய்க்காரர் ஒரு இரும்புப் பட்டையை எடுத்துக் குறுக்காக வைத்து, ஆறு நீள ஆணிகளை அறைந்து இறக்கினார். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். மத்தியானத்துக்குள் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"அக்காவுக்குச் சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

"சொன்னா ஏர்போர்ட்டை விட்டே வெளிய வர மாட்டா." சட்டையையும் பாயையும் சுருட்டிப் பினாயிலிடம் கொடுத்தாள். "குப்பையோட குப்பையா முனைத் தொட்டியில போட்டுட்டு வா. அஞ்சு மணிக்கு இங்கே இப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியக் கூடாது."

சமையலறையை அவள் கடைசிக்கு வைத்திருந்தாள். இனித் தள்ளிப்போட முடியாது. மேடைக்கும் தொட்டிக்கும் நடுவில், நாலு டைல்ஸ் சேரும் இடத்தில், தூசைத் துடைத்ததும் அது தெரிந்தது. கறுப்பான ஒரு சிலுவைக் கோடு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். வாங்கிப் போன குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அக்காவை இந்த இடத்தில்தான் பார்த்தாள். கன்னம் தரையில் ஒட்டியிருந்தது. தாடை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மேடை விளிம்பில் முடியோடு ரத்தம். அவன் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். "விழுந்துட்டா" என்றான், பால் பொங்கிவிட்டது என்பதுபோல.

அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு தங்கை என்ன செய்தாள் தெரியுமா? தரையைக் கழுவினாள். ஊரார் வந்து எட்டிப் பார்ப்பார்களே, மானம் போகுமே என்று பதறிப்போய், கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். மேடை விளிம்பைத் துடைத்தாள். முடியைப் பொறுக்கிப் போட்டாள். அடுத்த நாள் போலீஸ் வந்து பார்த்தபோது சமையலறை கண்ணாடிபோல் இருந்தது. "அடித்ததற்கான தடயம் எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். விழுந்தாள் என்று அவன் சொன்னதே கோர்ட்டில் நின்றது. அடித்த வழக்கு தள்ளுபடியானது. வீட்டு வழக்கு மட்டும் இழுத்தது, எட்டு வருஷம்.

ரத்தக் கறைக்குக் கொதிநீர் ஊற்றக் கூடாது, பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது. கொதிநீர் ரத்தத்தை வேகவைத்து இடுக்கிலேயே நிறுத்திவிடும். போலீஸ் கண்ணுக்குப் படாமல் சாந்துக்குள் ஊறி ஒளிந்த கறை, பிறகு ஆற அமரக் கறுத்திருக்கிறது.

"பினாயிலு, ஆசிட் எங்கே?"

குப்பை கொட்டிவிட்டு வந்தவள் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து மேடைமேல் வைத்தாள். இரண்டிலும் மண்டையோட்டுப் படம். இரண்டிலும் பாதி நிரம்பியிருந்தது.

"இதுல ஒண்ணு காலியானது. மேல் பாத்ரூமுக்குத் தீர்த்துட்டேன். அலசித் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? தண்ணி ஊத்தினா மூடியைக் கழட்டி வை. ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா எவளுக்குத் தெரியும்?"

"காலி பாட்டிலை அப்படியே தொட்டியில போட்டா பொறுக்குறவன் கை வெந்துடும். எங்க வீட்டுக்காரர் கையே அப்படி வெந்ததுதான். நான் ஊத்தித்தான் வைப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "திறந்தா தெரிஞ்சுடப் போகுது. நிஜ ஆசிட்னா புகையும், மூக்கைப் பிடுங்கும். பச்சைத் தண்ணி பேசாம இருக்கும், நம்ம குழாய்க்காரர் மாதிரி."

குழாய்க்காரர் காதில் விழாததுபோல் ஒரு பெரிய ரெஞ்சைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் மேல்தொட்டிக்குப் போறேன். தண்ணி திறந்துவிட்டா குழாய்ல காத்து அடைச்சு டமார் டமார்னு அடிக்கும், பயப்படாதீங்க. முதல்ல துருத் தண்ணி வரும். தெளிஞ்சதும் குழாய் மேல ரெண்டு தட்டு தட்டுங்க. நான் நிறுத்திடுறேன்."

"ரெண்டுக்கு மேல தட்டினா?"

"ஓடி வந்துடுவேன்" என்றார். சொல்லிவிட்டு அதற்குள் இன்னொரு அர்த்தமும் இருப்பது உறைத்ததுபோல் காது சிவந்து, படியேறிப் போய்விட்டார். பினாயில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி அடுத்த மூட்டைக் குப்பையைத் தூக்கினாள். முனைத் தொட்டிக்குப் போய் வரப் பத்து நிமிஷம் ஆகும்.

சற்று நேரத்தில் வீடு முழுக்கக் குழாய்கள் உறுமத் தொடங்கின. சுவருக்குள் யாரோ அடைபட்டு முட்டுவதுபோல் டமார், டமார். சமையலறைக் குழாய் இருமி, காறி, செக்கச்செவேலென்று துருவைக் கக்கியது. சாவிக்காரி அதைப் பார்க்காமல் மண்டியிட்டு, கறையைச் சுரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே மச்சினி. வீட்டைப் பளபளன்னு ஆக்கிட்டே."

அவள் தலை நிமிர்ந்தாள்.

சமையலறை வாசலில் அவன் நின்றான். முன்னைவிடப் பருத்திருந்தான். செருப்பைக் கழற்றவில்லை. பின்கதவில் ஆறு ஆணி அறைந்தவர்கள், தாங்களே உடைத்த முன்கதவை மறந்துவிட்டார்கள்.

"வெளிய போ."

"முன்னெல்லாம் அத்தான், அத்தான்னு வாய் நிறையக் கூப்பிடுவே. என் பாய் எங்கே? சட்டை எங்கே?"

"குப்பையில."

சிரித்தான். "சரி விடு. அஞ்சு மணிக்குத்தானே வர்றா? அதுவரைக்கும் உட்கார்ந்திருக்கேன். வந்ததும் நானே கதவைத் திறந்து 'வாம்மா'ன்னு கூப்பிட்டா எப்படி இருக்கும்? அவ மூஞ்சியைப் பார்க்கணும் எனக்கு. எட்டு வருஷமாச்சு."

"அஞ்சு மணின்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீதான். நம்ம குடும்பக் குரூப்புல. 'அக்கா வர்றா, அஞ்சு மணிக்கு, வீடு ரெடி'ன்னு பூவெல்லாம் போட்டு அனுப்பியிருந்தியே. எங்கம்மா படிச்சுக் காட்டினாங்க."

அந்த அம்மாவைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று எட்டு வருஷமாக எல்லோரும் நினைத்ததுதான். வயசானவர்கள், மனசு கஷ்டப்படுவார்கள், நீ எடு, நீ எடு என்று ஒருவரும் எடுக்கவில்லை. இந்தக் குடும்பத்தின் நாசூக்கு இப்போது அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் வந்து நின்றது.

"குழாய்க்காரரே!" என்று கத்தினாள். டமார் என்றது சுவர். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அவன் இரண்டே எட்டில் வந்து அவள் கொண்டையைப் பிடித்தான். அறை காதில் இறங்கியது. தலைக்குள் மணி அடித்தது. முடியைச் சுற்றி இழுத்து மேடை விளிம்புக்குக் கொண்டுபோனான். அதே விளிம்பு. அவள் கையை ஊன்றித் தடுத்தாள். நெற்றி முட்டி, புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. கையிலிருந்த சுரண்டியைப் பின்னால் வீசினாள். அது அவன் முழங்கையைக் கிழித்தது. அவன் ஊளையிட்டுக் கொண்டையை விட்டான். விட்ட வேகத்தில் அவள் தொட்டி ஓரமாகப் போய் விழுந்தாள். விலாவில் எதுவோ மளுக்கென்றது.

எழுந்தபோது அவன் கையில் பாட்டில் இருந்தது.

எந்தப் பாட்டில்? வலப் பக்கத்ததா, இடப் பக்கத்ததா? அவளுக்குத் தெரியவில்லை. மண்டையோடு மட்டும் அவன் விரல்களுக்கு நடுவே அவளைப் பார்த்து இளித்தது.

"உங்க அக்கா மூஞ்சியை மட்டும்தான் மாத்தினேன். நீ கல்யாணமே ஆகாதவ. அவ வந்து பார்க்கட்டும், யாரால இப்படி ஆச்சுன்னு." பல்லால் மூடியைத் திருகித் துப்பினான்.

அவள் பாட்டிலின் வாயைப் பார்த்தாள். எட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக எத்தனையோ வீட்டுக் குளியலறைகளில் அந்த மூடியைத் திறந்திருக்கிறாள். திறந்ததும் வெள்ளையாய் ஒரு இழை எழும்பும். மூக்கில் ஊசி ஏறும்.

இழை இல்லை. ஊசி இல்லை. பச்சைத் தண்ணீர் பேசாமல் இருந்தது.

நிச்சயமா என்று கேட்டால் அவளால் சத்தியம் செய்திருக்க முடியாது. கண்ணுக்குள் ரத்தம், காதுக்குள் மணி. ஆனாலும் ஒரே ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. பாட்டிலை அவள் முகத்தை நோக்கி வீசி ஊற்றினான். நெற்றி, மூக்கு, வாய், கழுத்து என்று நனைந்தது. புருவக் காயத்தில் சுள்ளென்றது. அவள் அலறவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபடி, நனைந்த முகத்தோடு இன்னும் ஒரு எட்டு வைத்தாள்.

அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மேடைமேல் இருந்த மற்றப் பாட்டிலைப் பார்த்தான்.

அதைத்தான் அவளும் பார்த்தாள்.

அவன் கை அதை நோக்கி நீண்டபோது அவள் கை ரெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு கையாலும் தூக்கி, இரும்பைப் பிளப்பதுபோல் மணிக்கட்டின்மேல் இறக்கினாள். காய்ந்த விறகு ஒடியும் சத்தம். பாட்டில் உருண்டது, உடையவில்லை. அவன் மண்டியிட்டு விழுந்தான். எழ முயன்றவனின் முழங்காலில் இன்னொன்று. முகம் தரையில் மோதிப் பல் ஒன்று தெறித்தது. உதட்டிலிருந்து ரத்தம் அந்தக் கறுப்புச் சிலுவையின்மேல் பரவியது. மூன்றாவது அடிக்கு ரெஞ்சு மேலே போய்விட்டது. அவன் பின்மண்டை நேர் கீழே இருந்தது. ஒரே போடு போதும். அக்காவுக்கு ஆயுசுக்கும் பயம் இல்லை.

குழாய் மூச்சு வாங்கி, தெளிந்த தண்ணீரை ஊற்றத் தொடங்கியது.

அவள் திரும்பி, ரெஞ்சால் குழாயை அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, பத்து. நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தாள்.

குழாய்க்காரர் படிகளைத் தாண்டித் தாண்டி வந்தார். வந்த வேகத்திலேயே ஊர்ந்துகொண்டிருந்தவனின் முதுகில் முழங்காலை ஊன்றி, குழாய்க்குச் சுற்றும் சணல் கயிற்றால் நல்ல கையைக் காலோடு சேர்த்துக் கட்டினார். பிறகுதான் அவளைப் பார்த்தார். நனைந்த முகம், கீழே பாட்டில்.

"தண்ணிங்க" என்றாள். "வெறும் தண்ணி."

வாசலில் பினாயில் மூட்டையோடு நின்றாள். தரையில் கிடந்த பாட்டிலைப் பார்த்து, "மூடியைக் கழட்டி வைன்னு சொன்னீங்களே சாவிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சாவிக்காரி அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால். உடம்பு தானாக வேலையில் இறங்கியது. வாளியைத் தொட்டியில் வைத்தாள். துணியை நனைத்தாள். "இவனைப் பின்பக்கமா தூக்கிட்டுப் போயிடுங்க. பட்டையைப் பிடுங்குங்க. நான் தரையைத் துடைச்சுடறேன். அஞ்சு மணிக்குள்ள காஞ்சுடும். அவ எதையும் பார்க்கக் கூடாது. பினாயிலு, அழாதே, அந்த விளிம்பைத் துடை."

அப்போதுதான் தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

விமானம் முன்னதாக வந்துவிட்டதாம். அக்கா உடைந்த வாசலில், ஒரு கையில் பெட்டியோடு நின்றாள். முடி பாதி நரைத்திருந்தது. தாடை இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, எப்போதும் எதையோ யோசிப்பவள்போல் காட்டியது. சாவிக்காரி ஓடிப்போய்ச் சமையலறை வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணுமில்லை, நீ டாக்ஸியிலேயே உட்காரு. ஒரு அரை மணி நேரம். வீடு இன்னும் ரெடியாகலை..."

"குட்டி, உன் மூஞ்சி முழுக்க ரத்தம்டி."

"விழுந்துட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அக்காவுக்கும் உறைத்தது. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, தங்கையின் தோளை மெதுவாக ஒதுக்கி உள்ளே போனாள்.

அவன் மேடையோரமாகக் கட்டுண்டு கிடந்தான். அவளைப் பார்த்ததும் பழைய சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தான். பல் போன வாயில் அது நிற்கவில்லை.

சாவிக்காரி அக்காவின் கைகளையே பார்த்தாள். நடுங்கின. இதோ, திரும்பிவிடுவாள். டாக்ஸி இன்னும் போகவில்லை. எல்லாம் போயிற்று.

அக்கா அவனுக்கு எதிரே இரண்டடி தள்ளிக் குந்தினாள். வார்டில் படுக்கை படுக்கையாகப் பார்த்துப் பழகிய கண்களால் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். தொடவில்லை.

"ரெண்டு எலும்பும் போயிருக்கு. கட்டுப் போட்டா ஆறு வாரம்" என்றாள். "எனக்குப் பதினாலு வாரம் ஆச்சு. ஸ்ட்ரா போட்டுக் குடிச்சேன்."

"உன் தங்கச்சி கொலைகாரி!" என்று குழறினான். "சும்மா வந்த என்னை... நான் தண்ணிதான் ஊத்தினேன். விளையாட்டுக்கு. வெறும் தண்ணி!"

அக்கா தரையில் கிடந்த பாட்டிலையும் அதன் மண்டையோட்டையும் பார்த்தாள். தங்கையின் நனைந்த முகத்தைப் பார்த்தாள்.

"அது தண்ணின்னு உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று கேட்டாள். "ஊத்துறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சாவிக்காரி துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். "பேசிட்டு இரு, நான் இதை மட்டும் துடைச்சுடறேன்..."

"குட்டி, அதைக் கீழே வை."

"கறை நின்னுடும்க்கா. பச்சைத் தண்ணியிலதான், சூடு இல்லை..."

"வைடி கீழே!" அந்தக் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. எட்டு வருஷமாகப் போனில் கேட்காத குரல். "யாரும் எதையும் துடைக்கக் கூடாது. அந்தப் பாட்டிலைத் தொடாதீங்க. மூடி எங்கே விழுந்திருக்கோ அங்கேயே கிடக்கட்டும். அவன் பல்லும் கிடக்கட்டும். உன் மூஞ்சியில இருக்கிற ரத்தமும் இருக்கட்டும். போலீஸ் வந்து பார்த்து, போட்டோ பிடிச்சு, எழுதிக்கிட்டுப் போகட்டும். இந்தத் தடவை எல்லாத்தையும் எழுதட்டும்."

துணி வாளிக்குள் விழுந்தது. தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருஷமாகச் சொல்ல முடியாத வார்த்தை அடிவயிற்றிலிருந்து வந்தது.

"அன்னிக்கு நான்தானேக்கா கழுவினேன்."

"தெரியும்." அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நானா இருந்தாலும் கழுவித்தான் இருப்பேன். நம்ம ரெண்டு பேரையும் அப்படித்தானே வளர்த்தாங்க." கொஞ்சம் பொறுத்து, "ஆமா, எனக்கு ஒண்ணு புரியலை. நான் இன்னிக்கு வர்றது இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

சாவிக்காரி சொன்னாள்.

"இன்னுமாடி அந்தம்மாவைக் குரூப்புல வச்சிருக்கீங்க?"

"எடுத்தா மனசு கஷ்டப்படுவாங்கன்னு..."

அக்காவின் ஒதுங்கிய தாடை குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்ததா என்பதும் சந்தேகம்தான். போனை எடுத்து, ஒரே ஒரு தடவை விரலை அழுத்தி அந்தம்மாவைக் குரூப்பிலிருந்து எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் வருவதாகச் சொன்ன போலீஸ் ஒருவழியாக வந்தது. மூடி, பாட்டில், பல், சுரண்டி, ரெஞ்சு எல்லாவற்றுக்கும் எண் அட்டை வைத்துப் படம் பிடித்தார்கள். பினாயில் கேட்ட கேள்விக்கும் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள். அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்வாசல் வழியாகத்தான் போனார்கள். தெருவே நின்று பார்த்தது. அக்கா படியில் நின்று அதைக் கடைசிவரை பார்த்தாள். கைகள் அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். "அம்மா, நிக்கட்டுமா, போகட்டுமா?"

சாவிக்காரி வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"போங்க" என்றாள் அக்கா. "பெட்டியை இறக்கியாச்சு."

ரெஞ்சைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. குழாய்க்காரர் உடைந்த முன்கதவுக்குப் பலகை தேடிக்கொண்டிருந்தார். "புது ரெஞ்சு ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றாள் சாவிக்காரி, நெற்றியில் அக்கா போட்ட கட்டைத் தடவிக்கொண்டு.

"வாங்கினா உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார் அவர், பலகையைப் பார்த்தபடி. "எப்படியும் வாராவாரம் வர்றேன்."

"அந்தக் குழாய் ஒழுகவே இல்லைன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றாள் அவள். பலகை அவர் கால்மேல் விழுந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே தரையில் கை வைத்தார்கள். பூட்டின வீட்டு வேலையில் துடைப்பதற்கு ஒரு முறை உண்டு. உள்ளறையில் ஆரம்பித்து, பின்னால் நடந்து நடந்து வாசலுக்கு வந்து, ஈரத்தில் கால் வைக்காமல் வெளியே நின்று பூட்டிவிட்டுப் போக வேண்டும். சாவிக்காரி பழக்கத்தில் உள்ளறைக்குப் போகத் திரும்பினாள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசற்படியிலேயே மண்டியிட்டு, பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆரம்பித்துவிட்டாள். படியிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து சமையலறைக்கு. தங்கையும் இன்னொரு துணியை நனைத்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.